அம்மா வீட்டுத் திருப்பம்

என் வீட்டுக்காரர் கலைவாணனின் பழைய பைக்குக்கு மூளை உண்டு. அரூர் சந்தைக்குப் போகும், பெட்ரோல் பங்குக்குப் போகும், அவருடைய அக்கா வீட்டுக்கு என்றால் கேட்கவே வேண்டாம், பறக்கும். பொம்மிடி ரோட்டிலிருந்து என் அம்மா வீட்டுக்குப் பிரிகிற அந்த ஒடுக்கமான இடது திருப்பத்தில் மட்டும் பொட்டென்று உயிரை விட்டுவிடும். அவரும் இறங்கி, ஸ்டாண்டில் சாய்த்துப் போட்டு, வியர்க்க வியர்க்க உதைப்பார். அசையாது. "சரி, திரும்பிடலாம்" என்று எங்கள் வீட்டுப் பக்கம் நேராக நிறுத்தி உதைத்தால் ஒரே உதையில் பிடித்துக்கொள்ளும். இதை நான் நம்ப வேண்டுமாம்!

தங்கை சசிகலாவைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதே கூத்துதான். நான் நடந்தே போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போய், காபி டம்ளர்கூடக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. இன்று அவளுக்கு நிச்சயம். அப்பா இல்லாத வீடு, தட்டு மாற்ற மூத்த மகளும் மருமகனும் நின்றாக வேண்டும். "இந்த வாட்டியாவது வந்துடுக்கா" என்று காலையில் போனிலேயே அழுதாள்.

திருப்பம் வந்தது. வண்டி நின்றது.

"ஆஹா! மாமியா வூட்டு வாசன புடிச்சிருச்சு பாருங்க," என்றேன்.

"எழிலு, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல."

"நீங்க எதுக்குங்க பண்ணணும்? அதான் நல்லா பழக்கி வெச்சிருக்கீங்களே."

அவர் பிளக்கைக் கழற்றி, இன்ஜின் மேல் வைத்து உதைத்தார். பொறி வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. துடைத்தார், ஊதினார், கும்பிடாததுதான் பாக்கி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நவுருங்க, நானே தள்ளிக்கினு போறன்" என்று ஹேண்டிலைப் பிடித்து வெடுக்கென்று நேராக்கினேன். அவர் பாதி உதையில் இருந்தார். பிளக்கில் நீலமாகப் பொறி தெறித்தது.

"இன்னொரு வாட்டி உதைங்க," என்றேன். ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தேன், பொறி இல்லை. நேராக்கினேன், வந்தது.

அவர் குனிந்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் பார்த்தார். கருவாடாய்க் காய்ந்த எலுமிச்சம்பழம் ஒன்று தொங்கியது. அதைக் கட்டியிருந்த கம்பி, ஹேண்டில் இடது பக்கம் ஒடியும்போதெல்லாம் இழுபட்டு, இன்ஜினை அணைக்கிற ஒயரின் தோலை அறுத்திருந்தது. அந்த ஒயர் இரும்பில் பட்டால் சாவியை அணைத்த மாதிரிதான்.

தை மாதம் தீர்த்தமலைக்குப் போய்வந்து, "மாப்ளைக்குக் கண்ணு படக் கூடாது, நூலுன்னா அறுந்துரும்" என்று கம்பி போட்டு முறுக்கிக் கட்டியது என் அம்மா நஞ்சம்மாள். அதற்குப் பிறகுதான் வண்டிக்கு இந்த வியாதி.

கலைவாணன் என்னைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியே இருக்கலாம்.

பழத்தைப் பிய்த்து எறிந்து, ஒயரில் டேப் சுற்றிக்கொண்டு போய் இறங்கினோம். தட்டு இன்னும் மாற்றவில்லை. சசிகலா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அம்மா வண்டியைச் சுற்றி வந்தாள்.

"ஏன்டி, நான் கட்டுன பழம் எங்க?"

"பிச்சு எறிஞ்சிட்டோம்மா. வழியில வண்டி நின்னுபோச்சு, அது…"

"பழம் இல்லீன்னா நிக்காம என்ன பண்ணும்!" என்று உள்ளே ஓடியவள், புதுப் பழமும், பந்தல் போட்டதில் மிஞ்சிய கம்பியுமாக வந்தாள்.

"கட்டுங்க அத்தை, நல்லா இறுக்கிக் கட்டுங்க," என்றார் கலைவாணன். டேப் சுற்றிய ஒயரோடு சேர்த்துக் கட்ட அவள் கைக்கு வாகாக, ஹேண்டிலை அவரே இடது பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டார்.