மெத்தைமேல் ஃபிரேம்

மலர்வளையத்தை ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் சாய்த்து வைத்துவிட்டு ஜிதின் தலைகுனிந்து நின்றான். அவன் பின்னால் நின்ற நான்கு பேரும் குனிந்தார்கள். ஐவரும் உடம்போடு ஒட்டிய கறுப்புச் சட்டையும் தொடையோடு நின்றுவிட்ட கால்சட்டையும் போட்டிருந்தார்கள். முதுகில் ‘எய்ட் தௌசண்ட் ஃபீட் சைக்கிளிங் கிளப்’ என்று அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தில் எட்டாயிரம் அடி உயரத்துக்கு ரோடே கிடையாது.

நிமிர்ந்ததும் ஜிதின், சித்ராவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“சேச்சி, ஃபிரேம் எங்க இருக்கு? சேஃபா?”

சித்ரா உள்ளறையைக் கையால் காட்டினாள். காட்டிய பிறகுதான், கை இப்படிப் பழகிக் கிடக்கிறதே என்று ஆத்திரம் வந்தது.

சித்திரபுரம் மின்வாரியக் குவார்ட்டர்ஸில் அந்த வீட்டுக்கு அறை இரண்டு, மெத்தை ஒன்று. முன்னறையில் பெஞ்சின்மேல் வாடகைப் பெட்டிக்குள் அவள் புருஷன் பெரியமுத்து கிடந்தார். உள்ளறையில், மெத்தையில், கம்பளி போர்த்திக்கொண்டு அந்தச் சைக்கிள் ஃபிரேம் கிடந்தது.

பெரியமுத்து வாரியத்தில் ஓவர்சியர். கிளப்பில் அவர் பெயர் ‘பிக் பேர்ல்’. கோயம்புத்தூரில் யாரோ ஒரு டாக்டர் மொட்டைமாடி ஷெட்டில் போட்டு வைத்திருந்த பழைய கார்பன் ரோட் சைக்கிளின் எலும்புக்கூட்டை வாங்கிவந்து, அதற்கு உயிர் கொடுத்து இந்தக் காலத்து ரோட்டில் ஓட்டப்போவதாக எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைய சாமான் எதுவும் அதற்குள் போகாது. அதற்குள் போகும் சாமான் எதுவும் இன்று கிடைக்காது. தடித்த புது டயர் உரசியது. டிஸ்க் பிரேக்குக்கு இடமே இல்லை. வரும் பார்சலும் திரும்பிப் போகும் பார்சலுமாக வீடு தபாலாபீஸ் மாதிரி ஆயிற்று.

வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஃபிரேம் கீழே விழக் கூடாது.

“இரும்புன்னா நசுங்குறது கண்ணுக்குத் தெரியும். இது அப்படியில்ல. வெளிய பாத்தா ஒண்ணுமே இருக்காது, உள்ள விரிசல் விட்டுருக்கும். எறக்கத்துல போறப்ப படக்குனு ரெண்டாப் போயிரும்” என்பார். கூட்டும்போது சொல்வார், துணி மடிக்கும்போது சொல்வார். ஒருநாள் அவள் துடைப்பக்கட்டை அதன்மேல் பட்டுவிட்டதென்று இரண்டு நாள் பேசவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கழற்ற மிச்சமிருந்தது, சீட்டைத் தாங்கும் அலுமினியக் கம்பி. அது ஃபிரேமுக்குள் பூத்துப்போய் ஒட்டியிருந்தது. சூடு காட்டினால் கார்பன் வெந்துவிடும். சுத்தியல் படக் கூடாது. முறுக்கித்தான் எடுக்க வேண்டும். சித்ரா அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஃபிரேமை இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொள்ள, பெரியமுத்து பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகினார்.

“ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?”

“பேசாமப் புடி. சொவத்துல மோதிரும்.”

“இடது கைய ஏன் ஒதறுதீங்க?”

“ஏட்டி, புடின்னா புடி!”

கம்பி கிறீச்சிட்டு அசைந்தது. பிறகு மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் தூக்கிப் பிடித்து, சிரிக்கப் போகிறவர் மாதிரி வாயைத் திறந்து, அப்படியே மல்லாக்கச் சரிந்தார்.

சித்ரா ஃபிரேமை விடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள், உள்ளறைக்குப் போனாள், மெத்தையில் கிடத்தினாள், கம்பளியைக்கூட இழுத்துவிட்டாள். அப்புறம்தான் ஓடிவந்தாள். அவர் பின்மண்டை கிரைண்டரின் விளிம்பில் இடித்திருந்தது.

விழும்போதே உயிர் போயிருக்கும், யார் பிடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார் டாக்டர். டாக்டர் அடுப்படியில் இல்லை.

“மதினி, இதப் பாத்தீங்களா?” பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் நாத்தனார் இந்து, போனை நீட்டினாள். “‘மலையேறும்போதே மறைந்த மாவீரன்’னு போட்டுருக்காங்க. அண்ணன் அடுப்படியிலல்லா விழுந்தாக?”

“மாவீரன் கைலியோட இருந்தாருன்னும் சேத்துப் போடச் சொல்லு.”

அதற்குள் ஜிதின் பேச ஆரம்பித்திருந்தான். ரிசார்ட் மேனேஜர், எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் வரவேற்புரை தானாக வந்துவிடும்.

“நம்ம பெரியமுத்து சேட்டன் ஒரு மனுஷன் அல்ல. ஒரு ஆல்டிட்யூட்!”

அந்த ஆல்டிட்யூட், பள்ளிவாசல் ஊர் ஏற்றத்தில் பாதிக்குமேல் சைக்கிளை விட்டு இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு போனதை ஜீப்பில் வந்த சித்ரா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஜிதின் நிறுத்தவில்லை. ஃபிரேமை கிளப்பே பூட்டி முடிக்கும். ஞாயிற்றுக்கிழமை நினைவு ரைடு. தானே அதில் ஏறி முன்னால் போவான். பிறகு அது ரிசார்ட் ரிசப்ஷன் சுவரில், லைட்டுக்குக் கீழே, சேட்டனின் போட்டோவோடு தொங்கும்.

“அதத் தர்றதா இல்ல” என்றாள் சித்ரா.

துக்க வீட்டில் யாரும் மறுத்துப் பேசி ஜிதின் பார்த்ததில்லை போலும். வருத்தமான முகத்தோடு போனை எடுத்தான்.

“சேச்சி, இது சேட்டன்டெ ஆசை. அவரே குரூப்பில சொன்னது. கேளுங்க.”

பெட்டிக்குள் கிடந்தவரின் குரல் அறைக்குள் கணீரென்று வந்தது.

“ஜிதினே, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஃபிரேம் நம்ம கிளப்புக்குத்தான் கேட்டியா. சித்ராகிட்ட வாங்கிக்கோங்க. அவ கீழ போட மாட்டா. நல்லாப் பழக்கி வச்சிருக்கேன்.” பின்னால் ஒரு சிரிப்பு.

“அண்ணே...” என்று இந்து அலறினாள். ஓய்ந்திருந்த பெண்கள் மறுபடி தொடங்கினார்கள். சித்ரா பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். மூக்கில் பஞ்சு, தாடையில் கட்டு. அந்த வாய் இனி எதற்கும் பதில் சொல்லாது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கிளப்காரர்கள் உள்ளறைக்குள் போய் கம்பளியை விலக்கினார்கள். பல் டாக்டர் ஜெகன் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, ஃபிரேமின் குழாய்மேல் டிக் டிக்கென்று தட்டி, காதை அருகே கொண்டுபோனார். மற்ற நான்கு பேரும் மூச்சை அடக்கினார்கள். பெரியமுத்துவின் நெஞ்சில் யாரும் இப்படிக் காது வைத்துக் கேட்டதில்லை.

“மணி மாதிரி இருக்கு” என்றார் ஜெகன். “ஒரு குறையும் இல்ல.”

ஜிதின் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினான். வாசலில் சித்ரா நின்றாள்.

“அது கீழ விழுந்துச்சு.”

“எப்போ?”

“நேத்து. அவரு சாஞ்சாருல்லா, அப்ப. நான் இதப் போட்டுட்டு அவரத் தாங்கிப் புடிச்சேன்.”

இந்து அவளை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணனின் தாடைக்கட்டைத் தலையைச் சுற்றி முடிந்தவள் அவள். பின்மண்டை வீக்கத்தை விரலால் தொட்டவள்.

“ஆமா” என்றாள் இந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே. “எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு சத்தம். சிமிண்டுத் தரையில்லா.”

ஜிதின் ஃபிரேமைத் தோளிலிருந்து இறக்கினான். ஜெகன் அதே நாணயத்தால் அதே இடத்தில் தட்டினார். முகம் சுருங்கியது.

“இங்க டொக்குன்னு ஒரு மாதிரி கேக்குதுல்ல?”

“ஆமா டாக்டர். எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்” என்றான் ஒருவன்.

“இங்கயும்தான்” என்றான் இன்னொருவன். தட்டத் தட்ட, ஃபிரேம் முழுக்கவே டொக்காகிவிட்டது.

“ஓட்ட வேண்டாம். சும்மா சொவத்துல மாட்டலாமே?” என்றார் ஜெகன்.

“பொட்டினதா? உடஞ்சத மாட்டவா? வேண்டா. கெஸ்ட்டுகள்ளாம் விவரமுள்ளவங்க” என்றான் ஜிதின். பிறகு சித்ராவிடம் திரும்பி, பெரிய மனதோடு, “சேச்சி விஷமிக்க வேண்டா, வருத்தப்படாதீங்க. அந்த நேரத்துல ஆருக்கும் கை தப்பும்” என்றான்.

“தப்பல” என்றாள் சித்ரா. “அவரத்தான் புடிச்சேன்.”

அதைச் சொல்லும்போது குரல் ஒரு இடத்தில் பிசிறியது. துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஃபிரேமை மறுபடி மெத்தையில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. போகிறபோக்கில் வாசல் சுவரில் சாய்த்துவிட்டு, ஜிதின் கையைத் தட்டிக்கொண்டான். மத்தியானம் போடியிலிருந்து சித்ராவின் அண்ணன் வந்ததும் பெரியமுத்துவை எடுத்தார்கள். கறுப்புச் சட்டைகள் வளைவு வரை சைக்கிளில் முன்னால் போய், ஏற்றம் வந்ததும் திரும்பிவிட்டன.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். இந்து தரை துடைத்த சாக்கை வாசலில் பிழிந்தாள், எங்கே போடுவது என்று சுற்றிலும் பார்த்தாள், ஃபிரேமின்மேல் விரித்துப் போட்டாள். சித்ரா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் விட்டபாடில்லை. சாக்கு இன்றைக்குக் காயப்போவதில்லை.