தரம் உயர்ந்த மதில்

பல்கலைக்கழகம் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த அன்று காலை, அதன் மதில் சுவர் தெருவைத் தாண்டி வந்து தையல்காரரின் மனைவியை விழுங்கியது. பட்டமளிப்பு விழாவுக்கான கறுப்பு அங்கிகளை அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். துணியையும் மேசையையும் விட்டுவிட்டு அவளை மட்டும் எடுத்துக்கொண்டது. சுவர் நகர்வது தெருவுக்குப் பழகிய விஷயம். சட்டக் கல்லூரிக்கு அனுமதி கிடைத்தபோது சைக்கிள் கடைக்காரரின் முழங்கால்களை நசுக்கியது. மருத்துவமனை திறந்தபோது பால்காரரின் பசுவை விழுங்கியது. தேர்வுக்கு முன்பே கேள்வித்தாள் வெளியாகித் தரம் இறங்கிய வருடம் பின்வாங்கி, பசுவை உயிரோடு கக்கிவிட்டுப் போனது. பசு அதற்குப் பிறகும் பால் கறந்தது. மற்றபடி வாடகை ஏறியதில் தெருவுக்கு மகிழ்ச்சிதான்.

தையல்காரர் கடப்பாறையால் சுவரை இடித்தார். செங்கல்லிலிருந்து ரத்தம் வழிந்தது. "ஐயோ, என் தோளுங்க அது!" என்று உள்ளேயிருந்து மனைவி அலறினாள். வலிக்கிறதா என்று கேட்டார். "இல்ல, கிச்சுகிச்சு மூட்டுது. கேக்குற கேள்வியப் பாரு" என்றாள். சுவரைச் சேதப்படுத்தியதற்காகக் காவலாளிகள் அவருடைய விலா எலும்புகளை முறித்தார்கள். அதன்பின் அவர் இடிக்கவில்லை. பசு வந்த வழிதான் அவளுக்கும் வழி, பல்கலைக்கழகத்தின் தரம் விழ வேண்டும் என்று முடிவு செய்தார்.

மதிப்பீட்டுக் குழு வந்த நாளில், அங்கிகளை ஒப்படைக்க வந்ததாகச் சொல்லி உள்ளே போனார். வரவேற்பு மேடையில் ஏறி, குழுத்தலைவரின் தொடையில் துணி வெட்டும் கத்தரிக்கோலை இறக்கினார். பூங்கொத்துகளின் மேல் ரத்தம் தெறித்தது. மறுபடி ஓங்குவதற்குள் காவலாளிகள் அவர் மணிக்கட்டை ஒடித்தார்கள், பிறகு தாடையை, பிறகு தேவையில்லாமல் இன்னொரு மணிக்கட்டையும். பற்கள் படிகளில் உருண்டன. இத்தனை வருட வளர்ச்சியும் போயிற்று என்று வேந்தர் நடுங்கினார். பல்கலைக்கழக மருத்துவமனையிலேயே தையல் போட்டுக்கொண்ட குழுத்தலைவரோ நெகிழ்ந்துபோயிருந்தார். "என்ன வேகம்யா உங்க ஆளுங்க! ரெண்டாவது குத்து விழவே இல்லியே. நான் போற எடத்துல எல்லாம் வாட்ச்மேன் தூங்கிட்டுல்ல இருப்பான்?" பாதுகாப்புக்கும் மருத்துவ வசதிக்கும் முழு மதிப்பெண் கொடுத்தார். நாட்டிலேயே உயர்ந்த தரம் என்று அன்று மாலையே அறிவித்தார்கள்.

வாசலுக்கு வெளியே வீசப்பட்ட தையல்காரர் அப்போது ஊர்ந்து வந்து, சுவரில் மனைவியின் குரல் கேட்கும் இடத்தில் கன்னத்தை வைத்துக் கிடந்தார். சுவர் அவரையும் சேர்த்துக்கொண்டு தெருவின் மறுகோடிக்குத் தாவியது. எலும்புகள் நொறுங்கிய சத்தத்தைக் கைதட்டல் என்று நினைத்தவர்கள் உண்டு.

அந்த மதிலை ஒட்டி இப்போது தேர்வுக்கூடம் இருக்கிறது. சுவருக்குள்ளிருந்து அடிக்கடி சண்டை கேட்கும். "கத்தரியத் தூக்கிட்டுப் போங்கன்னு நான் சொன்னேனா?"

"பின்ன, உன்னை இங்கயே விட்டுட்டு வேற பொண்ணு பாக்கச் சொல்றியா?"

"யாரு குடுப்பா, பல்லு போன ஆளுக்கு?"

கண்காணிப்பாளர் விரல் முட்டியால் சுவரில் தட்டுவார். அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மாணவர்கள் தலை நிமிராமல் எழுதுவார்கள்.