குளிர்த் தொட்டிக்கு ஐஸ்

1

பிளாஸ்கின் வாயில் ஐஸ்கட்டி ஒன்று சிக்கியது. கரண்டிக் காம்பால் தட்டி உள்ளே தள்ளினேன். இந்தக் கதை அங்கேதான் தொடங்குகிறது. எழுதத் துணிய எனக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது.

2

'விஞ்ஞானத்துக்காகத் தன் உயிரையே துச்சமென மதித்த ஸ்ரீஸ்கந்தராசா...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். என் கணவர் கரப்பான் பூச்சிக்குப் பயந்தவர்.)

வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காக நுவரெலியா ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனை, அவர் பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வளர்த்தார். காடு வெட்டுப்பட்டு ஓடைகள் சூடேறினால் இந்த மீன் வளருமா என்பதே கேள்வி. மூன்று தொட்டிகள். சற்றே வெதுவெதுப்பானதில் மீன்கள் மளமளவென்று வளர்ந்தன. இன்னும் சூடானதில் இரையைத் தொடாமல் மெலிந்தன. குளிர்த் தொட்டிதான் அளவுகோல். அது சூடேறினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

(விஞ்ஞானம் என்று இதைத் தாண்டிவிடாதீர்கள். அவர் ஏன் போனார் என்பதற்கு என்னிடம் வேறு விளக்கம் இல்லை.)

3

எண்பத்து மூன்று ஆடி. காலையிலேயே மின்சாரம் நின்றுவிட்டது; குளிர்த் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரமும் நின்றிருக்கும். கண்டிப் பக்கம் புகை; தமிழர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நெருப்பு வைக்கிறார்கள் என்றார்கள். எங்களைத் தன் ஊரான மடவளைக்குக் கூட்டிப்போக, ஆய்வுகூடத்தில் என் கணவரோடு வேலை செய்த ஹாஷிம் வான் வண்டியோடு வந்திருந்தார்.

"ஏறுங்க ஸேர். மீன் தண்ணிக்குள்ளதானே ஈக்கிது, அதுக்கு யாரு நெருப்பு வெக்கப் போறான்?"

"நெருப்பு வேண்டாம் ஹாஷிம், கொஞ்சம் சூடேறினாலே காணும்."

"இஞ்சேருங்கோ, பேசாமல் மீனையே கட்டியிருக்கலாமே?" என்றேன் நான்.

"கட்டியிருப்பன். அதுகள் சமைக்காதுகள்." சிரித்தார். பிளாஸ்கை வாங்கிக்கொண்டார். "வானைத் திருப்பி நிப்பாட்டும் ஹாஷிம், ஊத்திப்போட்டு ஓடி வாறன்."

4

முதல் முடிவு: சட்டை நனைந்து திரும்பி வருகிறார். மடவளையில் ஹாஷிமின் தாய் ஹவ்வா உம்மா தரும் தேநீரில் சீனி கூடிப்போயிற்று என்று என் காதில் முணுமுணுக்கிறார். அழகாக வந்தது. நம்ப முடியவில்லை.

இரண்டாவது: நான் வாசல் படலையை மறித்து நிற்கிறேன். மீன்கள் சாகின்றன, அவர் வாழ்கிறார். அதற்குப் பிறகு என்னோடு அவர் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. இந்த முடிவுக்குள் நான் நெடுநாள் குடியிருந்தேன். பேசாவிட்டால் என்ன?

மூன்றாவது நடந்தது. ஆய்வுகூடத்துக்குச் சற்று முன், வளைவில், தடிகளோடு நின்ற கும்பல் அவரை

இல்லை. இதை நான் முடிக்கமாட்டேன். நீங்கள் முடியுங்கள், அல்லது இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் மாற்றவேண்டாம். எங்கள் வீட்டிலிருந்து ஆய்வுகூடத்துக்குப் போகும் பாதை இறக்கம். மெல்லத்தான் நடப்போம் என்று நினைத்தாலும் கால் தானாக வேகம் பிடிக்கும். இப்போதும் அப்படித்தான்.