கேப்டன் தேர்ந்தெடுத்த பட்டி

டீயில் சர்க்கரை குறைந்ததற்காகக் கேப்டன் திட்டிய ஒரு காலையில், அவர் மனைவியின் தோளிலிருந்து மரத்தூள் உதிரத் தொடங்கியது. கேப்டன் கடலைக் கண்ணால் கண்டவரில்லை; தண்ணீர் வரி அலுவலகத்தில் எழுத்தர். வீட்டு மேசையில் பொம்மைக் கப்பல்கள் செய்வார் என்பதால் தெரு வைத்த பெயர் அது. அவருக்கு இருந்த ஒரே தலைவலி, பலகைகளுக்கு நடுவே விழும் இடுக்கை அடைக்கிற பட்டி. கடையில் வாங்கிய ஒன்று காய்ந்ததும் சுருங்கியது. இன்னொன்று வார்னிஷ் ஏறாமல் தேமல் மாதிரி வெளுத்து நின்றது. மூன்றாவதைத் தேய்த்தால் பலகைதான் தேய்ந்தது. மனைவி உதிர்த்ததைக் கூட்டியெடுத்துப் பசையில் குழைத்துப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, இடுக்கு இருந்த இடமே தெரியவில்லை.

அதன்பின் கடைக்குப் போகிற வேலை மிச்சம். சமையலைக் குறை சொன்னால் கொரகொரவென்று விழும், அடிப்பலகைக்கு ஆகும். பிறந்த வீட்டை இழுத்தால் மாவாக விழும், மேல்தளத்துக்கு. கையில் தட்டை ஏந்திக்கொண்டு, நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார். கப்பல்கள் பரிசு மேல் பரிசு வாங்கின. அவள் ரவிக்கைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னை என்ன வேணா சொல்லுங்க. பிள்ளைய மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க."

பாவி மனிதர் அந்த வார்த்தையைப் பல வருடம் காப்பாற்றவும் செய்தார். பிறகு, கேட்டுக் கேட்டு மரத்துப்போய், அவளிடமிருந்து ஒரு சிட்டிகைகூட விழாத நாள் வந்தது. இருப்பதிலேயே பெரிய கப்பல் பாதியில் நின்றது. கேப்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளை ஏறிட்டுப் பார்த்து, "இந்த மூஞ்சிய எவன்டி கட்டுவான்?" என்றார். மகளிடமிருந்து எதுவும் விழவில்லை. அடுப்படியில் நின்ற அம்மாவிடமிருந்து கொட்டியது. அவ்வளவு நைசான தூளை அவர் அதுவரை கண்டதில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் மகளுக்குத்தான் அர்ச்சனை. அவள் அழுதுகொண்டே அம்மாவைக் கட்டிக்கொண்டால் இன்னும் அதிகமாகக் கொட்டியது.

"அழாத கண்ணு. நீ அழுதா எனக்கு நிக்க மாட்டேங்குது."

மகள் அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். ஆனாலும் கப்பல் முடிந்த அன்று அடுப்படியில் ஒரு சேலை மட்டும்தான் கிடந்தது. அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். போகும்போது கப்பலைத் தடவிப் பார்த்து, நல்ல வேலைப்பாடு என்றார்கள்.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று அவள் கண்ணாடி அலமாரியைத் திறந்து, பெரிய கப்பலை அந்தச் சேலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கப்பல எங்கடி தூக்கிட்டுப் போற?"

"கப்பல் இல்லப்பா. அம்மா."

கேப்டன் கொஞ்ச நேரம் யோசித்தார். அவள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவருக்கும் பட்டது.

"சரி, வெயில்ல வெச்சிடாத," என்றார். "பட்டி வெடிச்சிடும்."