சுண்டுவிரல் செய்த வேலை

அந்தப் பியானோக்காரரை ஊருக்கெல்லாம் தெரியவைத்தது ஒரு தப்பு. முதல் இசைத்தட்டுப் பதிவின்போது சுண்டுவிரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டையில் விழுந்துவிட்டது. "இன்னொரு தடவை வாசிக்கிறேன்" என்று கெஞ்சினார். "விடுங்க சார், யார் காதுல விழப்போகுது?" என்று ஒலிப்பதிவாளர் ஒயரைச் சுருட்டிவிட்டார்.

எல்லார் காதிலும் விழுந்தது. தட்டு சக்கைப்போடு போட்டது. லிஃப்ட், பல் டாக்டர் அறை, செல்போன் மணி என்று முப்பது வருஷமாக எங்கே போனாலும் அந்தத் தப்பு அவருக்கு முன்னால் போய் நின்றது. வெட்கத்தில், மேடையில் மட்டும் அந்த மெட்டைத் தொடவே மாட்டார். போன வாரக் கச்சேரியில் ரசிகர்கள் விடாப்பிடியாகக் கேட்க, வாசித்தார். அந்த இடத்தை அப்பழுக்கில்லாமல் வாசித்தார்.

வெளியே வரும்போது ரசிகர் ஒருவர் தன் மனைவியிடம் சொல்வது கேட்டது: "பாவம், வயசாயிடுச்சு. அந்த இடத்துல கோட்டை விட்டுட்டார் பாத்தியா?"

மறுநாள் காலையிலேயே பியானோ முன் உட்கார்ந்து தப்பைப் பழக ஆரம்பித்தார். சுண்டுவிரல் வழுக்குவேனா என்றது. பத்தாவது தடவை, உள்ளறையிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்:

"இல்லீங்க, இப்பவும் சரியாத்தான் வருது!"