கழுதை உட்கார்ந்த தொப்பி

சைகால் சிரித்தால் பதிப்பகத்தின் மூன்று அறைகளுக்கும் கேட்கும். அந்த வாரம் முழுக்க அவள் சிரிப்பு ஓயவே இல்லை. கணக்குப் பிரிவுப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள். பாவம், அவளைத்தான் குற்றம் சொல்ல முடியுமா? இயற்பியல், புவியியல், நலவாழ்வு என்று பாடப் புத்தகங்களைத் திருத்தியே பாதி ஆயுளைக் கரைத்தவள். பதிப்பாசிரியர் வேலையில் முதல் தடவையாக ஒரு குறும்புப் படப் புத்தகம் கைக்கு வந்திருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டு போவதும், காலையில் திரும்பத் தூக்கிக்கொண்டு வருவதும், டீ குடிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்வதுமாக, கட்டின புருஷனுக்குக்கூட இத்தனை உபசாரம் நடந்திருக்காது.

கதை ரொம்பச் சின்னது. மலைக்காற்று ஒரு கிழவரின் கல்பாக்கைப் பறித்துக்கொண்டு ஓடுகிறது. அந்த உயரமான வெள்ளைக் கம்பளித் தொப்பி ஆட்டுக் கொம்பில் கொஞ்ச நேரம், கொதிக்கிற கெண்டியின் மூக்கில் கொஞ்ச நேரம், மின்கம்பத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கடைசியில் சேற்றில் விழுகிறது. ஒரு கழுதை வந்து சாவகாசமாக அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, "தொப்பியா? நான் பார்க்கலையே" என்கிறது. நீதி கிடையாது, அறிவுரை கிடையாது. அந்தக் கழுதையின் முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் சைகாலுக்குச் சிரித்தே வயிறு வலிக்கும்.

புதன்கிழமை பதிப்பக இயக்குநர் தோக்தோசுன் கூப்பிட்டனுப்பினார். தன்னுடைய கல்பாக்கை அலமாரியின் உச்சித் தட்டில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருகிற மனிதர். மேசையில் கடைசிப் பக்கம் விரிந்து கிடந்தது.

"ஏம்மா சைகால், உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? கல்பாக் தரையில கிடக்குது. அதுவும் சேத்துல. அதுக்கு மேல ஒரு கழுதை வேற!"

"கழுதைதானே பைகே சிரிப்பே." இயக்குநரானாலும் அவளுக்கு அவர் பைகே, அண்ணன்.

"சிரிப்பா? எங்க மாமனார் கண்ணுல பட்டா கம்பைத் தூக்கிட்டு ஆபீசுக்கே வந்துடுவாரு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். அதுக்குள்ள சரி பண்ணு. முடியலைன்னா விடு, அந்தக் காகிதத்துல காலண்டர் அடிச்சிக்கிறேன்."

சைகாலுக்கு முகம் சிவந்துபோனது. கோபத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. கல்பாக் தரையைத் தொடக் கூடாது என்பது கிர்கீஸ் நாட்டில் நடை பழகும்போதே பிள்ளைகள் பழகிக்கொள்வது. அவளும் கிர்கீஸ்காரிதானே, எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவள் கழுதையைப் பார்த்தாளே தவிர, கழுதைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

படம் வரைந்த மீரிமுக்குப் போன் போட்டாள். சைகாலை எஜே, அக்கா, என்று கூப்பிடுகிற அந்தப் பெண் ஒரே குதியாகக் குதித்தாள்.

"எஜே, கழுதையை எடுத்தா என் பேரையும் எடுத்துடுங்க. கழுதை இல்லாம அதுல என்ன இருக்கு? வெறும் காத்து!"

"கத்தாதடி. எனக்கு மட்டும் ஆசையா?"

போனை வைத்துவிட்டு, மாதிரிப் படியை மார்போடு அணைத்துக்கொண்டு மினிபஸ்ஸில் ஏறினாள். கழுதையை விட்டால் புத்தகம் செத்துவிடும், விடாவிட்டால் புத்தகமே வராது. காலண்டராம், காலண்டர்! பிஷ்கெக்கில் காலண்டர் இல்லாத சுவர் எங்கே இருக்கிறது?

எதிர் இருக்கையில் ஒருவர் புழுக்கம் தாங்காமல் கல்பாக்கைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தார். சந்தை முனையில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டான். தொப்பி எகிறியது. அவ்வளவுதான், அதைப் பிடிக்க வண்டியில் இருந்தவர்கள் மொத்தமும் பாய்ந்தார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கின மாணவன் ஒரு பக்கம் தாவினான். கோஸ் மூட்டையைக் கட்டிப்பிடித்திருந்த அம்மாள் மூட்டையை விட்டுவிட்டுக் கை நீட்ட, கோஸெல்லாம் இருக்கைக்கு அடியில் உருண்டன. தொப்பி தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அதற்குக் கீழே நாலைந்து கைகள்.

"பிடிச்சிட்டோம் பைகே, பிடிச்சிட்டோம்!" என்று அந்த அம்மாள் கூவினாள். "இப்ப எல்லாரும் என் கோஸைப் பொறுக்கிக் குடுங்க!"

வண்டி முழுக்கச் சிரிப்பு. சைகால் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கைகளில் ஒன்று அவளுடையது. அவளுடைய செல்லப் புத்தகம் செருப்புகளுக்கு நடுவே தரையில் கிடந்தது. எப்போது கைவிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இறங்கியதும் முதல் வேலையாக மீரிமைக் கூப்பிட்டாள்.

"அடியே, தொப்பி தரையில விழவே கூடாது. அதுதான் கதை! ஒவ்வொரு பக்கத்துலயும் விழப் போகுது, யாராவது பாய்ஞ்சு தடுக்கிறாங்க. ஆடு கொம்பை நீட்டுது, கெண்டி மூக்கை நீட்டுது..."

"கழுதை?"

"காதை நீட்டட்டும்!"

அந்தப் பக்கம் ஒரு கனைப்புக் கேட்டது. மீரிம் சிரிக்கிறாள்.

"சரி எஜே, முடிவு?"

"கழுதை காதை ஆட்டிடுது. தொப்பி மறுபடி விழுது. கீழே வெறும் புல். ஒருத்தரும் இல்லை. அதோட புத்தகம் முடிஞ்சுது."

"ஐயையோ, அப்ப யாரு பிடிப்பா?"

"படிக்கிறவங்க."

"பிடிக்கலைன்னா?"

உட்கார்ந்த கழுதையைச் சைகால் எடுத்தாகிவிட்டது. அதற்குப் பதிலாக வைத்ததோ ஒரு நம்பிக்கைதான். அது பலிக்காவிட்டால் காலண்டர்தான்.

வெள்ளிக்கிழமை காலை மீரிம் கண்ணெல்லாம் சிவந்து, விரலெல்லாம் வண்ணமாக வந்து சேர்ந்தாள். இருவரும் இயக்குநரின் மேசைக்கு முன்னால், தேர்வு முடிவுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். தோக்தோசுன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்து ஒரு பக்கம் திருப்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை. இன்னொரு பக்கம். ஆடு. கெண்டி. கழுதையின் காது வந்தபோது மீசை லேசாக ஆடியதோ என்னவோ, சைகாலுக்கு நிச்சயமில்லை. 'சிரிச்சுத் தொலையேன் மனுஷா' என்று உள்ளுக்குள் கத்தினாள்.

கடைசிப் பக்கம். அகலமான வானம், கீழே வெறும் புல், நடுவில் தலைகீழாக விழுந்துகொண்டிருக்கும் வெள்ளைத் தொப்பி. வேறு யாருமே இல்லை.

தோக்தோசுன் பக்கத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை மட்டும் மேசையிலிருந்து மெல்ல எழும்பி, புத்தகத்தின் அடி விளிம்புக்குக் கீழே போய், உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றது.

மீரிம் வாயைப் பொத்திக்கொண்டாள். சைகால் பொத்தவில்லை. கணக்குப் பிரிவின் சாத்திய கதவையும் தாண்டிக் கேட்டது அவள் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வேறு.

"என்ன சிரிப்பு?" என்று அதட்டினார் தோக்தோசுன். கையை மட்டும் எடுக்கவில்லை. "விழுந்துடும்ல!"