பின்னல் வேலைக்குப் பெண்கள் தேவை

மாரண்டஹள்ளி பேருந்து நிலையச் சுவரில் ‘பின்னல் வேலைக்குப் பெண்கள் தேவை’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அமுதவல்லி அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள். நான்கு வருடமாகப் பாலக்கோடு மண்டியில் குனிந்து தக்காளி தரம் பிரித்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. பின்னல் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒயர் கூடை, நைலான் கட்டில் என்று தெருவில் பாதி வீடுகளில் அவள் பின்னியதுதான் கிடந்தது.

மறுநாள் காலை இரண்டு கூடைகளோடு போனாள். ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட தகரக் கொட்டகை. மேற்பார்வையாளர் பிரபாகர் கூடைகளைத் திருப்பிப் பார்த்தார்.

“இங்க பின்னலுன்னா நிட்டிங்குங்க. பனியன் துணி. மிசின்தான் பின்னும்.”

“மிசினு பின்னுனா நான் எதுக்குங்க?”

அவர் சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். வட்டமான நான்கு இயந்திரங்கள். மேலிருந்து நூல் இறங்க, கீழே துணி குழாய்போல வந்து சுருண்டது.

“தறி மாதிரி நெடுக்க பாவு, குறுக்க ஊடுன்னு கெடையாதுங்க. ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையத்த இழுத்து வுடும். அதனாலதான் பனியன் இழுத்தா நீளுது.”

ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தார். அமுதவல்லி ஓரத்து நூலை இழுத்தாள். வளையங்கள் வரிசையாகக் கழன்று வந்தன. அவளுக்கு அது பிடித்திருந்தது.

“ஆனா மிசின்ல அனுபவம் இருக்கறவங்கதான் வேணும். நம்பர் குடுத்துட்டுப் போங்க.”

இல்லை என்பதை அப்படிச் சொல்கிறார் என்று புரிந்தது. கூடைகளை எடுத்துக்கொண்டு திரும்பியவள் மூன்றாவது இயந்திரத்தருகே நின்றாள்.

“சார், இந்தத் துணியில மேலேர்ந்து கீழ வரைக்கும் கோடு மாதிரி வருது பாருங்க.”

“லைட்டோட நெழலா இருக்கும்.”

“நெழலு கீழ சுருண்ட துணியிலயும் இருக்குங்களா?”

பிரபாகர் இயந்திரத்தை நிறுத்தி டார்ச் அடித்தார். ஒரு ஊசியின் கொக்கி உடைந்திருந்தது. வந்த துணி முழுக்க வீண். இயந்திரங்களைக் கவனித்துக்கொண்டிருந்த சசிகலாவைப் பிடித்துக் கத்தினார். அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது.

தன்னால்தான் இந்தத் திட்டு என்று அமுதவல்லிக்கு உறுத்தியது. வேலைதான் இல்லையே, இனி என்ன பயம்?

“அந்தப் பொண்ண ஏங்க வையறீங்க? நாலு மிசினுக்கு ஒருத்திய நிறுத்தி வெச்சா அவளுக்கு எத்தன கண்ணு இருக்குது?”

பிரபாகர் உடைந்த ஊசியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு எட்டு மணிக்கு வர முடியுங்களா? ஒரு மாசம் இவகூட நின்னு பழகுங்க.”

மறுநாள் மாலை திரும்பும் பேருந்தில் சசிகலா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மூணாம் நம்பர் மிசினுதாங்க்கா தொல்ல புடிச்சது. நாளையிலேர்ந்து அத நீங்களே பாத்துக்கறீங்களா?”

“பாக்கறேன் கண்ணு,” என்றாள் அமுதவல்லி.